கூடத்தில் கேட்கக் கூடாத கேள்வி

என் அத்தைக்குப் பை தைக்கும் தொழில். புதுப் பை அல்ல. அறுந்த வார், கிழிந்த அடிப்பகுதி, சக்கரம் கழன்ற பெட்டி, பல் பிடிக்காத ஜிப் இவைதான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், செல்போன் உறை விற்கும் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே அவள் கடை. ஒரு தையல் மெஷினும் ஒரு முக்காலியும் போட்டால் இடம் தீர்ந்துவிடும். பைகளெல்லாம் மேலே கம்பியில் தொங்கும். சந்தில் அவளுக்கு ஜிப்பக்கா என்று பெயர். ஜிப் போடுவதால் வந்த பெயர். வாய்க்கு ஜிப் போடத் தெரியாததால் நிலைத்துவிட்டது.

முக்கால்வாசிப் பேர் "ஜிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். போனது ஜிப்பாக இருக்காது, பல்லைக் கோத்து ஓடும் ரன்னர் தளர்ந்திருக்கும். அத்தை குறடால் ரன்னரின் இரண்டு பக்கமும் லேசாக ஓர் அழுத்து அழுத்தி, பல்வரிசையில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்து, இரண்டு தடவை இழுத்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். "அமுக்கினதுக்கெல்லாம் காசா? போங்க. அடுத்த தடவை நெஜமாவே கிழிச்சிட்டு வாங்க."

நான் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள். என் முதுகுப் பையில் மூன்று இடத்தில் அவள் தையல் இருக்கிறது. பையில் எத்தனையோ இடத்தில் தையல் விட்டுப்போயிற்று, அந்த மூன்று இடத்தில் மட்டும் விடவில்லை.

பண விஷயத்திலும் அத்தையின் தையல் கெட்டி. செல்போன் உறைக்காரன் ஒருமுறை ஏதோ ஒரு நிறுவனத்தில் பணம் போடப் போவதாகச் சொன்னான். மாதம் நூற்றுக்குப் பத்து தருகிறார்களாம்.

"பேங்க்ல என்ன தம்பி குடுக்கறான்?" என்று கேட்டாள் அத்தை.

"வருஷத்துக்கு ஏழு, அக்கா."

"இவன் மாசத்துக்குப் பத்து. அப்படி ஒரு தொழில் என் கையில இருந்தா நான் மூச்சு விடமாட்டேன். வீட்டை வித்து நானே போட்டுப்பேன். உன்னை எதுக்குத் தேடி வர்றான்?"

"உங்களுக்கு யாரையும் நம்பவே தெரியாதுக்கா."

"நல்லா நம்புவேன். காசைத்தான் கூடவே அனுப்பமாட்டேன்."

அவன் அரை மனதோடு பாதிப் பணத்தைப் போட்டான். பாதிதான் போயிற்று. மிச்சம் பிழைத்த பாதிக்காக இன்றும் அவளுக்கு டீ வாங்கித் தருகிறான். சேமிப்பையும் காப்பீட்டையும் ஒன்றாகக் கலந்து விற்க வந்தவனிடம் அவள் சொன்னது சந்தில் வெகு நாள் உலவியது: "ஈரத்துணியையும் புஸ்தகத்தையும் ஒரே பையில போடச் சொல்றியே, ரெண்டுல எது உருப்படும்?"

வெளியாள் யாரும் அவளை ஏமாற்றியதில்லை என்பதற்காக இவ்வளவும் சொன்னேன். அவள் அகப்பட்டுக்கொண்டது வேறு இடத்தில். அங்கே ஏமாற்றியவளும் அவள்தான்.

அத்தைக்குப் பத்தொன்பது வயதிலிருந்து வலிப்பு உண்டு. மகள் பிறப்பதற்கு முன்பே அது வருவது நின்றுவிட்டது. மாத்திரை மட்டும் நின்றதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் அண்ணனான என் அப்பா, பிறகு மாமா. மகளிடம் அது சத்து மாத்திரை. எனக்கும் சத்து மாத்திரைதான். மாமா லிஃப்ட் இயக்குபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வந்தாரே தவிர, எந்த விஷயத்திலும் ஓர் அடி முன்னால் வைக்கமாட்டார் என்று அத்தை கேலி செய்வாள். ரகசியம் காக்க அவரைவிடத் தோதான ஆள் கிடையாது.

நான்கு வருடத்துக்கு முன் மகளுக்கு வரன் பேசி வந்தார்கள். பையனின் அப்பா காப்பீட்டு முகவர். நல்ல மனிதர். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் "பாலிசி இருந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்பார் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரித்தார். ஆனால் அவரிடம் பாலிசி எடுத்தவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், வீட்டார் வருவதற்கு முன் இவர் அங்கே நிற்பார். அதுவும் உண்மை.

எல்லாம் பேசி முடிந்து, ஆளுக்கொரு கோப்பையோடு உட்கார்ந்திருந்த நேரம். அவர் திடீரென்று கேட்டார்.

"சம்பந்தியம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஹெல்த் பாலிசி இருக்கா?"

"இல்லைங்க. போடணும் போடணும்னு வாயால சொல்லிட்டே இருக்கோம்."

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா ஓடி வரப்போறது என் பையன்தானே. அப்ப இது என் வேலை. இப்பவே எழுதிடலாம்."

பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, பலகைமேல் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கக் கேட்க ஆரம்பித்தார். அவர் வழக்கம் அதுதான். படித்துப் பார்க்கும் சிரமத்தை ஆட்களுக்கு வைக்கமாட்டார். அவரே கேட்பார், அவரே நிரப்புவார், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். கூடத்தில் இரண்டு வீட்டு ஆட்களும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எடை?"

"அதை மட்டும் சத்தமாக் கேக்காதீங்க, கல்யாணம் நின்னுடப் போகுது," என்றார் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

"சர்க்கரை?"

"இல்லைங்க. பேச்சுல மட்டும் கொஞ்சம் உண்டு."

"பிரஷர்?"

"இவரைக் கட்டிக்கிட்டதுக்கு எப்பவோ வந்திருக்கணும். இன்னும் வரல."

மறுபடியும் சிரிப்பு. மாமாவும் சிரித்தார்.

"வலிப்பு, மயக்கம், நரம்புக் கோளாறு ஏதாவது?"

மாமா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"இல்ல," என்றாள் அத்தை.

பேனா ஒரு கணம்கூட நிற்காமல் அடுத்த கேள்விக்குப் போயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வேடிக்கை சொன்னவள் அதற்கு மட்டும் ஒரே சொல்லில் பதில் சொன்னாள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கூடத்தில் அவள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அம்மாவுக்கு வலிப்பு என்றால் மகளையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கேட்டவர் முகவராகக் கேட்டார்; பதிலைக் காதில் வாங்கியவர் மாப்பிள்ளையின் அப்பா. இரண்டும் ஒரே ஆள். முன்பின் தெரியாத ஊர்களில் பயணக் காப்பீடு எடுக்கும்போது நான் செல்போன் திரையில் என் வியாதியையெல்லாம் கூசாமல் தட்டிவிட்டிருக்கிறேன். திரைக்குக் கல்யாண வயதில் பையன் கிடையாது.

கல்யாணம் நடந்தது. நான் மறுபடியும் ஊர் சுற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அத்தைக்கு ஒன்றரை வயதில் ஒரு பேரன் இருந்தான். நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அத்தை கடையில் விழுந்தாள்.

மருந்துக் கடையில் அவள் மாத்திரை வரத்து நின்றுபோயிருந்தது. இருந்ததைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முக்காலியிலிருந்து சாய்ந்தவள் வலது மணிக்கட்டை அடியில் கொடுத்து விழுந்தாள். எலும்பு இரண்டாக விலகிவிட்டது. சாவிக்கடைக்காரர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கை கால் இழுத்ததையும் வாயில் நுரை தள்ளியதையும் டாக்டரிடம் அப்படியே சொல்லிவிட்டார்.

வேலை வெட்டி இல்லாதவள் என்பதால் துணைக்கு என்னைப் போட்டார்கள். நான் போனபோது சம்பந்தி ஏற்கெனவே கட்டில் அருகே, கையில் காப்பீட்டு அட்டையோடு நின்றிருந்தார். கால்மாட்டில் அத்தையின் மகள், கண்ணெல்லாம் சிவந்து.

இளவயது டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்காம்மா?"

அத்தை சம்பந்தியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். இதான் முதல் தடவை."

"அம்பது வயசுக்கு மேல முதல் தடவைன்னா சும்மா விட முடியாது. மூளையில கட்டி ஏதாவது இருக்கான்னு ஸ்கேன் பண்ணிப் பாத்துடணும். அப்புறம்தான் கைக்கு ஆபரேஷன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அடுத்த இரண்டு நாட்களும் அந்தப் பொய் எங்களையெல்லாம் ஆட்டிவைத்தது. மகள் சாப்பிடவில்லை. கட்டி இருந்தால் எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்று அவள் கணவன் யார் யாருக்கோ போன் செய்தான். சம்பந்தி தன் வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்தார், அத்தைக்கு ஆஸ்பத்திரித் தலையணை உயரம் போதவில்லை என்று. "செலவைப் பத்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க சம்பந்தியம்மா. நான் எழுதின பாலிசி. இதுவரைக்கும் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல." அவர் ஒவ்வொரு நல்ல காரியம் செய்யும்போதும் அத்தை போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள். ஸ்கேன் மெஷினுக்குள் போனபோது அவளுக்குப் பயம் இல்லை. அங்கே எதுவும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். மகள் வெளியே நின்று வேண்டிக்கொண்டிருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாமா என்னை லிஃப்ட் அருகே கூட்டிப்போனார். அவருக்குத் தைரியம் வருகிற ஒரே இடம் அதுதான்.

"கடைக்குப் போயிட்டு வர்றியா? ரன்னர் போட்டு வெச்சிருக்கற தகர டப்பா இருக்குல்ல, அதுக்கு அடியில மாத்திரை இருக்கும். யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வா."

"என்ன மாத்திரை மாமா?"

லிஃப்ட் வந்து திறந்து மூடிப் போயிற்று. பிறகுதான் சொன்னார்.

நான் மாத்திரை அட்டையோடு திரும்பியபோது மகள் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியான நேரம், வார்டில் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். அத்தை மாத்திரையை வாங்கித் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடலாம் அத்தை."

"சொன்னா பாலிசி போயிடும்."

"போகட்டும்."

"ஊர் சுத்தினவளுக்கு எல்லாமே போகட்டும்தான்." தலையணையில் சாய்ந்தாள். "பாலிசி போனா மெஷினை வித்தாவது கட்டிடலாம்டி. அது இல்ல விஷயம்."

"அப்புறம்?"

"குட்டிப் பயலுக்கு ஒரு வயசுல காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துடுச்சு. நீ அப்ப இங்க இல்ல. ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணினா. 'அம்மா, நம்ம வீட்ல யாருக்காவது வலிப்பு இருக்கான்னு டாக்டர் கேக்கறாரு'ன்னா. பக்கத்துல சம்பந்தியம்மா குரல் கேட்டுச்சு." இடது கையால் கட்டுப்போட்ட வலது கையைத் தடவினாள். "இல்லேன்னுட்டேன்."

நான் மாத்திரை அட்டையை என் பைக்குள் வைத்தேன்.

"ஃபாரம்ல சொன்னது பொய். சரி, ஊரு உலகத்துல எல்லாரும் சொல்றதுதான்னு மனசைத் தேத்திக்கலாம். இது கொழந்தைக்குக் கேட்டது. வைத்தியத்துக்குக் கேட்டது. அதுக்கும் அதே வாயால இல்லேன்னேன். இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியலடி. இது மட்டும் அவளுக்குத் தெரியக்கூடாது."

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். அத்தை அழவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்று மறுநாள் காலை தெரிந்தது. மணிக்கட்டில் தகடு வைக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பார்க்க வந்தார். அவசரத்தில் இருந்த ஒரு பெண்மணி. சம்பந்தி வழக்கம்போல் நாற்காலியில் இருந்தார்.

"அங்கிள், கீழ போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வரலாமா?" என்றேன்.

"இப்பதான்மா குடிச்சேன்."

"நடந்துட்டாவது வரலாம்."

"நீ போயிட்டு வா. பேப்பர்ல கையெழுத்து ஏதாவது கேட்டாங்கன்னா ஆள் வேணும்ல."

டாக்டர் கேட்டார்: "வழக்கமா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. இங்க மறைச்சா மேசை மேல எனக்குத்தான் ஆபத்து தெரியும், உங்களுக்குத் தெரியாது."

அத்தை எழுந்து உட்கார முயன்றாள். ஒரு கையால் முடியவில்லை. சம்பந்தியே எழுந்து முதுகுக்குத் தலையணை வைத்தார், அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை. அவர் கை எடுப்பதற்கு முன் அவள் சொன்னாள்.

"பத்தொன்பது வயசுலேருந்து வலிப்பு இருக்கு டாக்டர். மாத்திரை சாப்பிடறேன்."

டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "என்ன மாத்திரை? கடைசியா எப்பப் போட்டீங்க?"

நான் மாத்திரை அட்டையை நீட்டினேன். அவர் மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டார். "அப்ப இது பழசு. நல்லதாப் போச்சு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையேன்னு நரம்பு டாக்டர் மண்டையைக் குழப்பிட்டு இருந்தாரு," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்கு அது நல்ல செய்தி.

"சம்பந்தி," என்றாள் அத்தை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஓய்வெடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

தாழ்வாரத்தில் தண்ணீர் மெஷின் பக்கத்துப் பெஞ்சில் அவரைக் கண்டுபிடித்தேன். காப்பீட்டு அட்டை இன்னும் கையில் இருந்தது.

"மூணு வருஷம்மா," என்றார். "வியாதி இருக்குன்னு எழுதியிருந்தா அதுக்கு மூணு வருஷம் காத்திருப்பு. பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும். அவ்வளவுதான். போன வருஷமே காத்திருப்பு முடிஞ்சிருக்கும். இன்னிக்கு ஒரு கேள்வி இல்லாம பணம் வந்திருக்கும்."

"இப்ப?"

"ஆஸ்பத்திரி ஃபைல்ல ஏறிடுச்சு. ஏறலேன்னாலும் நான் மறைக்கமாட்டேன். கிளெய்ம் நிக்கும். பாலிசியையே ரத்து பண்ணிடுவாங்க. உங்க மாமாவுக்கும் சேத்துப் போச்சு." சற்றுப் பொறுத்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன புலியா?" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அத்தை வழி வந்த குணம். "அங்கிள், சம்பந்தம் பேசற அன்னிக்கு, பன்னெண்டு பேர் உக்காந்திருக்கற கூடத்துல, உங்க பையன் பக்கத்துல இருக்கறப்ப, சத்தமா வலிப்பு இருக்கான்னு கேட்டீங்க. வேற என்ன பதில் வரும்?"

"முப்பது வருஷமா அப்படித்தான் கேக்கறேன்," என்றார் சட்டென்று, கோபமாக.

பிறகு அவர் முகம் மாறியது. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லா வீட்லயும் கூடத்துலதாம்மா கேப்பேன். மாமியாரை வெச்சிட்டு மருமகளை. முதலாளியை வெச்சிட்டு வேலைக்காரங்களை. ஒருத்தர் பாக்கியில்லாம இல்ல இல்லேன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அது பெருமையாக்கூட இருந்துச்சு. நம்மகிட்ட பாலிசி எடுக்கறவங்க எல்லாம் ஆரோக்கியமானவங்கன்னு."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை கூடங்கள், எத்தனை 'இல்ல' என்று எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"மருமககிட்ட நான் சொல்லமாட்டேன்," என்றார் கடைசியில். "நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். அவங்கதான் சொல்லணும்."

மகள் சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கட்டி இல்லை என்ற செய்தி அவளுக்குப் போயிருந்தது. வார்டு வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தாள்; இரண்டு நாளில் இளைத்துப்போன முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. "அம்மா, ஒண்ணும் இல்லியாம்மா. நான் என்னென்னவோ நெனச்சு..." என்று அத்தையின் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

அத்தை அந்தக் கன்னத்தை விலக்கினாள்.

"உக்காரு. அவனை இவகிட்ட குடு."

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அத்தை சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வலிப்பு, மாத்திரை, கூடம், பாலிசி. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நீ ஆஸ்பத்திரியிலேருந்து போன்ல கேட்டப்பவும் எனக்குத் தெரியும்," என்றாள்.

பிள்ளை என் கழுத்துப் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"என் மாமியாரும் மாமனாரும் நிக்கறப்ப நான் அடிச்சுச் சொன்னேம்மா. எங்க வீட்ல யாருக்கும் கிடையாதுன்னு. டாக்டர் அதை எழுதிக்கிட்டாரு."

"ம்."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பிள்ளையின் டாக்டருக்குப் போட்டாள். அவர் அந்தப் பக்கம் கேட்கக் கேட்க, இவள் திரும்பி அம்மாவைக் கேட்டாள். குரலில் உறவே இல்லை. மருந்துக் கடையில் பெயர் கேட்பதுபோல் இருந்தது.

"எந்த வயசுல ஆரம்பிச்சுச்சு?"

"பத்தொன்பது."

"சின்ன வயசுல காய்ச்சல்ல வந்திருக்கா?"

"ஞாபகம் இல்ல."

"நான் வயித்துல இருந்தப்ப?"

"வரல. மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தேன்."

"உன் அம்மாவுக்கு இருந்துச்சா?"

அத்தை இந்தக் கேள்விக்கு முதல்முறையாக மகளை நேராகப் பார்த்தாள். "தெரியாது," என்றாள். "எங்க வீட்ல யாரும் எதையும் சொல்லமாட்டாங்க."

மகள் செல்போனில், "தெரியாதாம் டாக்டர்," என்றாள்.

பயப்பட ஒன்றும் இல்லை, காய்ச்சல் வந்தால் மட்டும் கவனமாக இருங்கள் என்றுதான் டாக்டர் சொன்னாராம். அதையும் அவள் என்னிடம்தான் சொன்னாள், அம்மாவிடம் அல்ல. பிள்ளையை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"என்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருக்காதம்மா. எனக்கு அது வேணாம். சந்துல சொல்லு. அடுத்த தடவை விழுந்தா யாருக்கு என்ன பண்ணணும்னு தெரியும்? நான் எங்கயோ இருப்பேன்."

"சந்துலயா?"

"என்கிட்ட சொன்னேல்ல. அவங்ககிட்டயும் சொல்லு. நீ சொன்னதுக்கப்புறம் நான் வரேன்."

ஆபரேஷன் முடிந்தது. பாலிசி ரத்தாகி வந்தது. அத்தையும் மாமாவும் மாதம் தவறாமல் வங்கியில் போட்டுவந்த தொடர் வைப்பை உடைத்துப் பணம் கட்டினார்கள். சம்பந்தி பங்கு தருகிறேன் என்றார், அத்தை வாங்கவில்லை. அவர் இப்போது பழைய ஆட்களை ஒவ்வொருவராகத் தனியாகச் சந்தித்து, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லி வருகிறாராம். சிலர் திருத்துகிறார்கள். சிலர் கதவையே திறப்பதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

அத்தை கடையைத் திறந்தாள். வலது மணிக்கட்டு முழுக்க மடங்கவில்லை. குறடு பிடிக்க இடது கை பழக வேண்டியிருந்தது. முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. செல்போன் உறைக்காரன், ஏதோ ஒரு புதுத் திட்டத்தைப் பற்றிக் கேட்க வந்தான். "எனக்கென்ன தெரியும், வேற யாரையாவது கேளு," என்றாள். அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான்.

மகள் வரவில்லை. போன் செய்தால் எடுத்தாள்; பிள்ளை நன்றாக இருக்கிறான் என்றாள்; வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, கூட்டம் குறைந்த நேரத்தில், அத்தை சாவிக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். செல்போன் உறைக்காரனையும் கூப்பிட்டாள். எதிர்க்கடையில் தண்ணீர் பாட்டில் விற்பவர் சும்மா எட்டிப் பார்த்தார். அவரையும் வரச் சொன்னாள். வாடிக்கையாளர் ஒருவர் ஜிப்புக்காக நின்றிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருப்பாள் என்று நினைத்தேன். காத்திருக்கவில்லை.

"எனக்கு வலிப்பு உண்டு," என்றாள். "சின்ன வயசுலேருந்து உண்டு. மறுபடியும் விழுந்தா கையக் கால அமுக்கிப் புடிக்காதீங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைக்கு அடியில ஏதாவது ஒரு பையை வைங்க. அடங்கலேன்னா ஆட்டோ புடிங்க. அவ்வளவுதான்."

காது மடல்வரை சிவந்திருந்தது. யாருடைய முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நான் இன்னும் ஒழுங்காப் புடிச்சிருப்பேனேக்கா," என்றார் சாவிக்கடைக்காரர், தன் தவறுபோல.

"எங்க வீட்டுக்காரிக்கும்..." என்று ஆரம்பித்த தண்ணீர்க்காரர், வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அத்தை செல்போனை என்னிடம் கொடுத்தாள். "அவகிட்ட சொல்லு. சொல்லிட்டேன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க அத்தை."

"எனக்குக் கூச்சமா இருக்குடி," என்றாள். பிறகு வாடிக்கையாளரின் பையை வாங்கி, மடங்காத கையால் ரன்னரைப் பிடித்துக்கொண்டு, குனிந்தவள் நிமிரவே இல்லை.

நான் போன் செய்தேன். மகள் எடுத்தாள். சொன்னேன்.

"யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். வாடிக்கையாளரையும் சேர்த்துச் சொன்னேன்.

"சரி. சாயங்காலம் வரேன்," என்றாள்.

அத்தையிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். சாயங்காலம் மகள் வந்து எதிரில் நின்றபோது அத்தைக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.